துறவி நண்டும் நமது இரக்கமும்

உவரி என்றதும் இலக்கிய வாசகர்களாகிய நம்மில் பலருக்கு ஜோ டி குரூஸ் நினைவுக்கு வருவார். 2004-இல் வெளிவந்த ‘ஆழி சூழ் உலகு’ அந்தக் கடலோர வாழ்வை நம் வாசிப்புக்குள் கொண்டுவந்தது. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே அந்தோணியாரும் கப்பல் மாதாவும் சுயம்புலிங்கசாமியும் அந்தக் கரைக்கு மக்களை அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். கரைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. சிப்பி, சோழி, சங்கு என்று எதையாவது பொறுக்கிக்கொள்கிறார்கள். சில சமயம் சங்குக்குள் ஓர் உயிரும் சேர்ந்து வந்துவிடுகிறது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அது கண்ணாடித் தொட்டிக்குப் போகிறது.

அந்த உயிருக்குத் துறவி நண்டு என்று பெயர். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி வந்த நண்டொன்று தொட்டி மணலுக்குள் மறைந்து, மூன்று வாரம் கழித்து இடது இடுக்கியும் இரண்டு கால்களும் இல்லாமல் வெளியே வந்தது. உடனே மூன்று ஆலோசனைகள் கிடைத்தன. “இனிப் பிழைக்காது, தூக்கிப் போடுங்கள்” என்றார் ஒருவர். “காயத்தில் மஞ்சள் வையுங்கள்” என்றார் இன்னொருவர். படித்தவரும் இளகிய மனத்தவருமான மூன்றாமவர், “பாவம், கடலிலேயே விட்டுவிடுங்கள்” என்றார். மூன்றுமே தவறு. அவற்றுள் மிகவும் கொடியது அந்த மூன்றாவது இரக்கம்தான் என்பது என் துணிபு.

ஏனெனில், கரையில் நடந்து திரியும் இந்த நண்டு கடல்வாசி அன்று. சீனோபிடா என்னும் பேரினத்தைச் சேர்ந்த நிலத்துறவி நண்டுகள் கடலில் பிறந்து, வளர்ந்தபின் நிலத்தில் வாழ்பவை. அவற்றின் செவுள்கள் ஈரக்காற்றைச் சுவாசிக்கும்படி மாறிவிட்டவை. ஆழநீரில் எறிந்தால் அவை மூழ்கிச் சாகும். கடலுக்குள்ளேயே வாழும் துறவி நண்டுகளும் உண்டு. அவை வேறு இனம், அவற்றை வீட்டுத் தொட்டியின் உலர்மணலில் விட்டால் அவை சாகும். எது எந்த இனம் என்று கேட்கக்கூடப் பொறுமையில்லாத இரக்கத்தை நான் இரக்கம் என்று ஒப்ப மாட்டேன்.

சரி, கால்கள் ஏன் போயின? நண்டின் ஓடு வளராது, உடல்தான் வளரும். ஆகவே அவ்வப்போது பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். அதற்காகவே உடலில் கொழுப்பையும் நீரையும் சேர்த்துக்கொண்டு ஈரமணலுக்குள் புதைந்துகொள்கிறது. “நண்டு கொழுத்தால் வளையில் தங்காது” என்பது நம் பழமொழி. இந்த நண்டின் விஷயத்தில் அது தலைகீழ். கொழுத்தபின்தான் வளைக்குள் போகிறது. பெரிய நண்டுக்கு இந்தத் தவம் ஒன்று முதல் இரண்டு மாதம் வரை நீளும். புது உடல் களிமண்போல் மெத்தென்றிருக்கும். கழற்றிய ஓட்டையே தின்று, அதிலுள்ள சுண்ணாம்பை மீட்டுக்கொண்டு, மெல்ல இறுகும்.

இந்த வேளையில் மணல் ஆழமின்றி இருந்தாலோ, காய்ந்து சரிந்தாலோ, பக்கத்து நண்டு தோண்டி வந்து கடித்தாலோ, “செத்துவிட்டதா பார்ப்போம்” என்று நாம் கரண்டியால் கிளறினாலோ கால்கள் போகும். ஆபத்து வந்தால் காலைத் தானே கழற்றிவிடும் ஏற்பாடு நண்டின் உடலிலேயே உண்டு. அடிமூட்டருகே அதற்கென ஒரு முறிவுக்கோடு இருக்கிறது. அங்கே முறிந்தால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு இரத்தத்தை அடைத்துவிடும். ஆகவே மஞ்சளும் எண்ணெயும் மருந்துக் களிம்பும் வேண்டாதவை. மெத்தென்ற உடலுக்கு அவை கூடுதல் துன்பம். பழைய காயத்தாலும் கால் உதிர்வதுண்டு, மறுக்கவில்லை. ஆயினும் பெரும்பாலும் உதிர்ந்த கால் நம் தொட்டியைப் பற்றிய சாட்சியம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், செய்யாதிருப்பது. தொடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், மீண்டும் புதைக்காதீர்கள். மற்ற நண்டுகள் இருந்தால் காற்றுப் போகும் தடுப்பால் பிரியுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். அருகில் கிடக்கும் வெற்று ஓட்டை எறியாதீர்கள். அது பிணமன்று, அதன் உணவு. எத்தனையோ வீடுகளில் உள்ளே ஏதுமற்ற இந்தச் சட்டையைக் கண்டு “நண்டு செத்துப்போயிற்று” என்று மணலோடு சேர்த்துக் கொட்டியிருக்கிறார்கள். செத்த நண்டு மீன் அழுகிய நாற்றம் அடிக்கும். நாற்றம் இல்லையென்றால் தீர்ப்புக் கூறாதீர்கள்.

அடுத்தது, ஈரம். காற்றின் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே போனால் செவுள் காய்ந்து மெல்ல மூச்சு முட்டும். நெல்லைச் சீமையின் கோடைக் காற்றும் குளிர்பதன அறையின் உலர்காற்றும் இதற்கு ஒன்றுதான். மணல், நண்டின் உயரத்தைப்போல் மும்மடங்காவது ஆழமாக, பிடித்தால் பிடிபடும் பதத்தில் இருக்க வேண்டும். இரண்டு கிண்ணங்கள் தேவை: ஒன்றில் குளோரின் நீங்கிய நல்ல தண்ணீர், மற்றதில் கடல்நீர். சமையல் உப்பைக் கரைத்தால் அது கடலாகிவிடாது. தின்னக் கணவாய் ஓடு, முட்டை ஓடு, உப்பில்லாக் கருவாடு, தேங்காய், முருங்கைக்கீரை. இடது பெரிய இடுக்கிதான் அதன் வாசற்கதவு. அது போனபின் சங்குக்குள் ஒடுங்கினாலும் வாசல் திறந்தே கிடக்கும். ஆகவே அளவுக்கேற்ற வெற்றுச் சங்குகள் சில அருகில் இருக்கட்டும். சாயம் பூசிய சங்கு வேண்டாம்.

இவ்வளவும் செய்தால், போன காலின் இடத்தில் கூழ்போன்ற ஒரு மொட்டு அரும்பும். அடுத்த தோலுரிப்பில் அது சிறு காலாக விரியும். இன்னும் ஓரிரு தோலுரிப்பில் பழைய அளவை நெருங்கும். அதாவது, பொறுமை மாதக்கணக்கில் வேண்டும். ஒரு வாரத்தில் பலன் கேட்பவர்கள் நண்டு வளர்க்கத் தகுதியற்றவர்கள்.

“ஒரு நண்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? அதற்கு வலி ஏது?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ராபர்ட் எல்வுட்டும் மிர்யாம் அப்பெலும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு மின்னதிர்ச்சி பெற்ற துறவி நண்டுகள் தமக்குப் பிடிக்காத சங்கை எளிதில் கைவிட்டன. பிடித்த சங்கைக் கைவிடத் தயங்கின. வெறும் அனிச்சையாயின் இந்தக் கணக்குப் பார்த்தல் இராது. பிரிட்டன் 2022-இல் நண்டினங்களை உணர்வுள்ள விலங்குகளாகச் சட்டத்திலேயே ஏற்றது. நம் நாட்டு 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ மனிதன் நீங்கலான எந்த உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. சட்டம் நம்மைவிட முந்தியே நண்டைக் கண்டுகொண்டது.

இந்த நண்டின் பெயரும் நம்மை ஏமாற்றுகிறது. துறவி என்றதும் தனிமையை விரும்பும் உயிர் என்று எண்ணி ஒற்றை நண்டைத் தொட்டியில் இடுகிறோம். சீனோபிடா என்னும் அறிவியற்பெயரோ மடத்தில் கூடி வாழும் துறவியைக் குறிப்பது. அவை கூட்டமாக வாழ்பவை. ஒன்று விட்ட சங்கை மற்றொன்று எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பவை. நல்ல சூழலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. தொட்டிகளில் பல சில மாதங்களைத் தாண்டுவதில்லை. குஞ்சுகள் கடலில் மிதந்து வளர வேண்டியிருப்பதால் வீட்டில் இவற்றைப் பெருக்குவது மிக அரிது. ஆகவே விற்கப்படும் நண்டு ஏறத்தாழ ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கரையிலிருந்து களவாடப்பட்டதே. ஜப்பான் 1970-இலேயே நிலத்துறவி நண்டுகளை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. அங்கிருந்தே 2025-இல் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான நண்டுகளைக் கடத்த முயன்றவர்கள் பிடிபட்டார்கள்.

ஐங்குறுநூற்றில் நண்டைப் பாடும் பத்துக்குக் ‘கள்வன் பத்து’ என்று பெயர். வயலில் நெற்கதிரைக் கொண்டுசெல்லும் நண்டு அன்று கள்வன் எனப்பட்டது. இன்று கள்வர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சங்கக் கவிதையின் நெய்தல் மகளிரும் அலவனாட்டி விளையாடியவர்கள்தாம். ஆனால் அவர்களது விளையாட்டு கரையிலேயே தொடங்கிக் கரையிலேயே முடிந்தது. நண்டைத் துரத்தலாம், பார்த்து வியக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் அந்தக் கவிதைக்குள் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஏற்கெனவே தொட்டியில் ஊனமுற்ற நண்டு இருந்தால், அதைத் தேற்றும் கடன் உங்களுடையது. குப்பைத்தொட்டியும் கடலும் அந்தக் கடனைத் தீர்க்கா. தேறியபின், எடுத்த இடம் உறுதியாகத் தெரிந்து, வேற்றிட நண்டுகளோடு அது கலக்காதிருந்தால், அதே கரையில் அலை எட்டாத மேட்டில், அடம்புக்கொடியின் நிழலில், அந்திநேரத்தில் விடுங்கள். இனிமேல் உவரிக்குப் போகிறவர்கள் சங்கை எடுக்குமுன் ஒரு நிமிடம் மணலில் வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அது நகர்ந்தால், வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார் என்று பொருள்.