வி.ஐ.டி. கடைசி கேட்டகிரியா, அண்ணா பல்கலைக்கழக சீட்டா? கையெழுத்துப் போடும் முன்னாடி ஒரு கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் என்னிடம் வருகிற கேள்வி மாறிடும். மியூச்சுவல் ஃபண்ட் போய் அட்மிஷன் வந்துடும். அதில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: "சார், பையனுக்கு வேலூர் வி.ஐ.டி.யில கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிருக்கு, ஆனா அஞ்சாவது கேட்டகிரி. கவுன்சிலிங்ல கிண்டி கிடைக்காது. திருச்சி, திருநெல்வேலி மாதிரி அண்ணா பல்கலைக்கழகத்தோட வெளியூர் வளாகத்துல அதே கோர்ஸ் கிடைக்கும் போல. எதுல சேர்க்கலாம்?"

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். கடன் வாங்கித்தான் படிக்க வைக்கணும் என்றால் அண்ணா பல்கலைக்கழக சீட்டை எடுங்க. பணம் கையில் இருக்கு, அல்லது முதல் ஒன்றிரண்டு கேட்டகிரியில் இடம் கிடைத்திருக்கு என்றால் வி.ஐ.டி.யைத் தாராளமாக யோசிக்கலாம்.

வி.ஐ.டி.யைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நிறைய கம்பெனிகள் வர்றாங்க, நாடு முழுக்க இருந்து பசங்க வர்றாங்க, அந்தப் பழக்கம் பின்னாடி உதவும். ஆனால் அங்கே நுழைவுத் தேர்வு ரேங்கை வைத்து ஐந்து கட்டணப் பிரிவு. முதல் பிரிவில் இருக்கிற பையனும் கடைசிப் பிரிவில் இருக்கிற பையனும் ஒரே கிளாஸ், ஒரே வாத்தியார், ஒரே டிகிரி. ஃபீஸ் மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல். டிகிரி சர்டிஃபிகேட்டில் கேட்டகிரி போடுவதில்லை, கூடுதலா கட்டினதுக்காக எந்தக் கம்பெனியும் கூடுதல் சம்பளம் தர்றதும் இல்லை. அதனால் "வி.ஐ.டி. நல்ல காலேஜா?" என்று கேட்காதீங்க. "இந்த விலைக்கு நல்லதா?" என்று கேளுங்க.

இப்போ கணக்கு. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷம் 5 லட்சம், நாலு வருஷத்துக்கு 20 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்று பேங்க்கில் சொல்வாங்க. வட்டி நிற்காது. தனிவட்டி போட்டாலே அந்த ஐந்து வருஷத்தில் 7 லட்சம் சேர்ந்துடும். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 27 லட்சம். பத்து வருஷத் தவணை என்றால் மாசம் சுமார் 35,700 ரூபாய், மொத்தம் ஏறக்குறைய 43 லட்சம். தவணை பாரமாக இருக்கு என்று 15 வருஷமாக நீட்டினால் மாசம் 29,000, ஆனால் மொத்தம் 52 லட்சத்தைத் தாண்டும்.

பெரிய ஐ.டி. கம்பெனிகள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது தருகிற ஆரம்பச் சம்பளம் பல வருஷமாக 3.5 லட்சத்தை ஒட்டியேதான் இருக்கு. மாசத்துக்கு 29,000 ரூபாய், அதுவும் பி.எஃப். பிடிக்கிறதுக்கு முன்னாடி. பையனுக்கு 6 லட்சம் பேக்கேஜ் கிடைத்தாலும் 50,000-ல் 35,700 போனால் பெங்களூரில் வாடகைக்கு யார் தருவது? அப்பாதான். அவருக்கு அப்போ 55 வயசு இருக்கும்.

அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு எல்லாம் சேர்த்து 5 லட்சம் என்றே வைங்க. அதே வட்டி, அதே பத்து வருஷம், தவணை 8,900 ரூபாய். முதல் பட்டதாரி சலுகையோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடோ இருந்தால் இதுவும் குறையும்.

"வட்டிக்கு வரி விலக்கு இருக்கே சார்?" 80இ என்று நமக்குப் பழகின அந்தச் சலுகை பழைய வரி முறையில்தான், வட்டிக்கு மட்டும்தான். புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே இல்லை. 6 லட்சம் சம்பளக்காரன் எதில் விலக்கு வாங்குவான்?

சாதாரணக் கல்விக் கடனில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக பேங்க் வீட்டுப் பத்திரம் கேட்கும். பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் அடமானம் வேண்டாம், உண்மைதான். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு, ஆனால் தவணை தொடங்கும் வரைக்கும்தான். அசலைக் கட்டப்போவது நீங்கதான்.

வெளியூர் வளாகங்களில் குறை இல்லாமல் இல்லை. கிண்டிக்கு வருகிற கம்பெனிகள் அத்தனையும் அங்கே வராது, பையன் தானாகவே ஓட வேண்டியிருக்கும். மிச்சமாகிற 15 லட்சத்தில் ஒன்றரை லட்சத்தை அதற்கு ஒதுக்குங்க. நல்ல லேப்டாப், மூன்றாம் வருஷ லீவில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்றாலும் சென்னையில் தங்கிச் செய்ய வாடகைக் காசு. இதற்குக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

பிளேஸ்மென்ட் பேனரில் இருக்கிற உச்சச் சம்பளத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கிற விவரம் இணையத்திலேயே இருக்கு. எத்தனை பேர் படித்து முடித்தாங்க, எத்தனை பேருக்கு வேலை, நடுவில் நிற்கிறவனின் சம்பளம் அதாவது மீடியன் எவ்வளவு, எல்லாம் அதில் வரும். எல்லா பிராஞ்சும் கலந்த எண் என்பதை மட்டும் மனசில் வைங்க.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டிட்டோமே என்பதற்காக மட்டும் அங்கேயே சேர்க்காதீங்க. குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. விதி இருக்கு. இந்த வருஷக் கெடு தேதியைப் பார்த்துட்டு, விலகல் கடிதத்தை இமெயிலில் அனுப்புங்க. ரசீது நகலையும் கூடவே வைங்க.