சட்டமும் நாமும்: வீட்டை எழுதிக் கொடுக்க முன்னர்



எமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது இலவசமன்று. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பிய பின்னர்தான் அந்தச் செலவு தொடங்குகிறது. தூக்கி இருத்த ஓர் ஆள், மாற்றுத் துணி, சத்துணவு, கிளினிக்குக்குப் போக முச்சக்கர வண்டி என்று மாதா மாதம் பணம் வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எவராலும் சொல்ல முடியாது.

போரில் கணவனையோ உழைக்கும் பிள்ளையையோ இழந்த எம்மில் பலர் இன்று அறுபது வயதைத் தாண்டிவிட்டோம். ஓய்வூதியம் இல்லை, சேமிப்பும் இல்லை. இருப்பது ஒரு வளவும் வீடும் மாத்திரமே. "கடைசிக் காலத்தில் என்னைப் பார்" என்று சொல்லி அதை ஒரு பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது எமது வழக்கம். வழக்கத்தில் பிழையில்லை. ஆனால் உறுதியில் என்ன எழுதப்படுகிறது என்பதைக் கேட்டறியாமல் கையொப்பம் வைப்பது ஆபத்தானது.

நன்கொடை உறுதியை எழுதி, பிள்ளை அதை ஏற்றுக்கொண்டால் அன்றே காணி பிள்ளையுடையதாகி விடுகிறது. பார்ப்பேன் என்ற வாய்ச் சொல் உறுதியில் இராது. பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளை கடன்படலாம், காணியை ஈடு வைக்கலாம், உங்களுக்கு முன்னரே இறந்தும் போகலாம். அப்போது காணி மருமகன், மருமகள், கடன் கொடுத்தவர் என்று வேறு கைகளுக்குப் போகும். நீங்கள் உங்கள் வீட்டிலேயே பிறர் தயவில் இருப்பவர் ஆவீர்கள்.

இதற்குச் சட்டத்திலே வழி உண்டு. உறுதியை எழுதும்போதே "சீவிய உருத்து" உங்களுக்கு என்று வைத்து எழுதச் சொல்லுங்கள். உரிமை பிள்ளைக்குப் போகும். ஆனால் உங்கள் உயிருள்ளவரை அந்த வீட்டில் இருக்கவும், தேங்காயோ வாடகையோ அதன் வருமானத்தை எடுக்கவும் உரித்து உங்களிடமே இருக்கும். காணியை வாங்குபவரும் அந்த உருத்துக்கு உட்பட்டே வாங்க வேண்டும். உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள். பின்னர் "வங்கிக் கடனுக்கு ஒரு கையொப்பம்" என்று யாராவது கேட்டால், அது சீவிய உருத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரமா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி மரண சாசனம். அது நீங்கள் இறந்த பின்னரே செயற்படும். அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். பார்ப்பது யார் என்று இன்னும் தெளிவில்லாதவர்களுக்கு இதுவே பொருத்தம்.

கணவர் காணாமற்போன சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை எழுதிக் கொடுக்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. விதவைக்கு இச்சம்மதம் தேவையில்லை. அனுமதிப்பத்திரக் காணி வேறு வகை. அதைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்டவர்கள் என்ன செய்வது? மீளப்பெற முடியாத நன்கொடையைப் பாரதூரமான நன்றிகேட்டின் காரணமாக ரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். 2017ஆம் ஆண்டின் சட்டப்படி அதை நீதிமன்றமே ரத்துச் செய்ய முடியும். நீங்களாக ஒரு ரத்து உறுதி எழுதுவது செல்லாது. இதற்குக் காலக்கெடுவும் உண்டு. ஆகவே "பிறகு பார்ப்போம்" என்று நாளைக் கடத்தாமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வசதியற்றவர்களுக்கு அங்கு சட்ட உதவி கிடைக்கும்.

காணியைக் கேட்காமல் பராமரிப்பை மாத்திரம் கேட்கவும் முடியும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்தால், பிள்ளைகள் மாதாந்தம் பணம் செலுத்த வேண்டுமெனச் சபை கட்டளையிடலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் விபரம் கேளுங்கள்.

பிள்ளையைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. சீவிய உருத்து வைத்த உறுதி பிள்ளைக்கும் நல்லது. நாளை மற்றச் சகோதரங்கள் "அம்மாவை ஏமாற்றி எழுதுவித்தாய்" என்று அவளைக் குற்றம் சொல்வதற்கு இடம் குறையும். எனவே நடமாட்டமும் நினைவும் நன்றாக இருக்கும்போதே பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு இருத்திப் பேசுங்கள். யார் பார்ப்பது, வெளிநாட்டில் இருப்பவர் மாதம் எவ்வளவு அனுப்புவது என்று முடிவெடுங்கள். அதன் பின்னர் நொத்தாரிசிடம் போங்கள். உறுதியை முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டிய பின்னரே பேனையைக் கையில் எடுங்கள்.