டிகிரி அப்ரண்டிஸும் வியாழக்கிழமை ஆணியும்

அப்ரண்டிஸ் என்றால் நம்மூரில் என்ன நினைப்போம்? ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் காக்கிச்சட்டையோடு ஸ்பேனர் பிடிக்கிற பையன். லண்டனில் நான் பொட்டி தட்டுகிற பேங்க்கில் அப்ரண்டிஸ் என்றால் வேற ஆளுங்க. பன்னிரண்டாவதுக்குச் சமமான ஏ லெவலில் நல்ல மார்க் எடுத்து, நாலு ரவுண்டு இன்டர்வ்யூ தாண்டி, பதினெட்டு வயசில் கழுத்தில் பேட்ஜ் மாட்டிக்கொண்டு ஜாவா எழுத வந்த பசங்க. நாலு வருஷம் வேலையும் பார்ப்பாங்க, யுனிவர்சிட்டியிலும் படிப்பாங்க, முடிவில் பி.எஸ்ஸி. கிடைக்கும். டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்று பேர். இங்கிலாந்தில் 2015-ல் ஆரம்பித்தது.

காசுக் கணக்கைச் சொன்னால் நம்ம ஆளுங்களுக்குச் சட்டென்று புரியும். இங்கிலாந்தில் சாதாரணமாகக் காலேஜுக்குப் போனால் வருஷத்துக்கு ஃபீஸ் மட்டும் 9,535 பவுண்டு (2025-26 கணக்கு). பெரும்பாலும் கடன்தான். 2023-க்குப் பிறகு சேர்ந்தவர்கள், வருஷ சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 சதவீதம் கட்டிக்கொண்டே இருக்கணும், 40 வருஷம் வரைக்கும்! அப்ரண்டிஸுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஃபீஸ் பைசா கிடையாது, மேலே சம்பளம் வேற. பேங்க்குக்கு என்ன இவ்வளவு தாராள மனசு என்று கேட்காதீங்க. வருஷத்துக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கிற நிறுவனம் எல்லாம், அதற்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதத்தை அப்ரண்டிஸ் வரியாகக் கட்டணும் என்று 2017 ஏப்ரலில் சட்டம் வந்தது. கட்டிய பணத்தைப் பயிற்சிக்குச் செலவழிக்கலாம், இல்லையென்றால் கொஞ்ச நாளில் காலாவதி. எப்படியும் போகிற காசு, பசங்க மேல போகட்டுமே என்கிற கணக்குதான். அதில் தப்பு எதுவும் இல்லை.

நான் தமிழ்நாட்டில் பி.ஈ. படித்தவன். டிபிஎம்எஸ் பேப்பரில் நார்மலைசேஷன் என்பது எனக்கு ஒரு பதினாறு மார்க் கேள்வி. படம் போட்டு, பாக்ஸ் கட்டி, இரண்டரைப் பக்கம் எழுதினால் பன்னிரண்டு மார்க் நிச்சயம். எங்க டீமில் இருக்கிற அப்ரண்டிஸ் தம்பிக்கு அது என்ன தெரியுமா? ஒரே கஸ்டமருக்கு ரெண்டு விலாசம் விழுந்து, ரெண்டு இடத்துக்கும் லெட்டர் போய், ஏன் இப்படி ஆச்சு என்று அவன் மூணு நாள் தேடின பிரச்சினை. அடுத்த வாரம் யுனிவர்சிட்டியில் அதே பாடம். "அண்ணா, இது நம்ம அட்ரஸ் டேபிள்தான்!" என்று வந்து நின்றான் பாருங்க, சத்தியமா பொறாமையா இருந்தது. எனக்கு அந்தப் பாடத்துக்கும் வேலைக்கும் முடிச்சு விழ பாஸ் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். எங்க காலேஜில் பாதிப் பேர் அதைக் காசு கொடுத்து வாங்கினாங்க, பைண்டிங்கோடு சேர்த்து! இங்கே பையன் வேலையில் நிஜமாகச் செய்ததையே ப்ராஜெக்ட்டாக எழுதணும், வெளியாள் உட்கார்ந்து குடைந்து குடைந்து கேட்பார். வாங்கின சரக்கு அங்கே ஐந்து நிமிஷம் தாங்காது.

(நம்மூரில் இந்த மாதிரி இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோவை பிஎஸ்ஜி டெக்கின் சாண்ட்விச் பி.ஈ. ரொம்ப நாளாக இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்த பசங்களை எடுத்து வேலையோடு டிகிரியும் படிக்க வைக்கிற ஹெச்சிஎல் டெக்பீ 2017-லிருந்து ஓடுகிறது.)

இவ்வளவு நல்லா இருக்கே, அப்புறம் என்னடா பிரச்சினை என்கிறீர்களா? பிரச்சினை வியாழக்கிழமை.

பேங்க்குக்குப் பேங்க் மாறும், எங்க இடத்தில் வியாழன்தான் படிப்பு நாள். சம்பளம் வாங்குகிற நேரத்துக்குள்ளேயே படிப்பு நடக்கணும் என்பது அரசாங்க விதி. முதலில் வேலை நேரத்தில் 20 சதவீதம் என்றார்கள். 2022 ஆகஸ்டிலிருந்து வாரத்துக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் என்று ஆச்சு. 2025 ஆகஸ்டில் அதையும் மாற்றி, ஒவ்வொரு படிப்புக்கும் மொத்தம் இத்தனை மணி என்று வைத்துவிட்டார்கள். விதி எப்படி மாறினாலும் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து படிப்பது கணக்கில் வராது.

எங்க டீம் லீட் வியாழக்கிழமை அந்தத் தம்பிக்கு மெசேஜ் அனுப்பினாலே முறைப்பார். அவனுக்கு அதிர்ஷ்டம். பக்கத்து டீமில் இன்னொரு பையன். அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவன் பிறந்து வளர்ந்தது ஈஸ்ட் ஹாமில். ஒன்றரை வருஷமா அவன் பார்க்கிற வேலை, டெஸ்ட் ரிசல்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேர்ட் டாக்குமென்ட்டில் ஒட்டுவது. கோட் எழுதியது ரொம்பக் கம்மி. வியாழக்கிழமை வந்தால் "ரிலீஸ் இருக்கு, இந்த வாரம் மட்டும்" என்பார் அவன் டமேஜர். இந்த வாரம் மட்டும், போன வாரமும் மட்டும். அசைன்மென்ட் எல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு. ஆனால் படித்த நேரத்தைப் பதிகிற லாகில் வியாழன் ஏழு மணி நேரம் படித்ததாக அவனே போட்டுவிடுகிறான்.

ஏன்டா என்று கேட்டேன். "அண்ணா, மேனேஜர் கேட்டா எப்படி நோ சொல்றது? அவர்தானே என்ட ரிவ்யூ எழுதுறார்" என்றான்.

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் இருக்கிற ஒரே கோபம் இதுதான். படிப்பு நேரம் என்கிற உரிமையைப் பத்தொன்பது வயசுப் பையன் கையில் கொடுத்துவிட்டு, அதை அவனுக்கு மார்க் போடுகிற ஆளிடமே கேட்டு வாங்கிக்கோ என்கிறது. காலேஜில் படிக்கிறவனுக்கு புரொபசர் எவ்வளவு மோசமானாலும் வேலை பறிபோகாது. இவனுக்கு இங்கே வேலை போனால் படிப்பும் தொங்கும். இருபத்தெட்டு வயசில் எனக்கே மேனேஜரிடம் முடியாது என்று சொல்ல வாய் வருவதில்லை, அவனுக்கு எங்கிருந்து வரும்?

ஹெச்.ஆர். ஆட்கள் நினைத்தால் ஒரே நாளில் சரி பண்ணலாம். படிப்பு நாளை லீவு மாதிரி சிஸ்டத்திலேயே பூட்டிவிடணும். அதைத் திறக்கணும் என்றால் மேனேஜர் எழுதிக் கேட்கணும், அந்த லெட்டர் யுனிவர்சிட்டி டியூட்டருக்கும் போகணும். அப்புறம் பாருங்க, எத்தனை ரிலீஸ் தானாக வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது என்று. அதுவரைக்கும், இந்த மாதிரி பேங்க்கில் ஆணி புடுங்குகிற பதிவர்கள் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று: வியாழக்கிழமை "தம்பி, ஒரு சின்ன ஃபைல் மட்டும்" என்று பிங் பண்ணுவது பெரும்பாலும் டமேஜர் இல்லை, நாமதான்.

அந்தப் பையனின் அப்பாவைப் போன மாசம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "தம்பி, இவன் கம்பஸுக்குப் போகேல்ல எண்டு சொந்தக்காரர் எல்லாம் கேக்கினம். இவனும் ராத்திரி ராத்திரியா முழிச்சிருக்கிறான். விட்டுட்டு ஒழுங்காப் போய்ப் படி எண்டு சொல்லட்டோ?" என்றார். டிகிரி என்னவோ அதே டிகிரிதான் அங்கிள், விட வேண்டாம், டீமை மாற்றிக் கேட்கச் சொல்லுங்க என்றேன். அவன் கேட்டுவிட்டான். பேங்க்கும் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறது.

டிஸ்கி: வீட்டில் இந்த வருஷம் ஏ லெவல் எழுதுகிற பிள்ளைகள் இருந்தால், யுகாஸில் யுனிவர்சிட்டிக்கும் போட்டுக்கொண்டே இதற்கும் போடலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. இன்டர்வ்யூ முடிவில் "எங்களிடம் ஏதாவது கேள்வி இருக்கா?" என்பார்கள். கேன்டீன் பற்றிக் கேட்காமல், "டீம் மாறலாமா? போன வருஷ அப்ரண்டிஸ் யாரிடமாவது பேசலாமா?" என்று கேட்கச் சொல்லுங்க. பேசக் கிடைத்தால், போன வியாழக்கிழமை அவர் என்ன செய்தார் என்று மட்டும் விசாரித்தால் போதும்.