படைக்கலம் மட்டும் வெல்லுமா?

இக்கால அரசொன்றை மக்கள் படைக்கலத்தால் வெல்லவியலுமா? கம்பைநல்லூரைத் தன்னகத்தே கொண்ட தருமபுரி மண் இவ்வினாவிற்குக் குருதியால் விலை தந்துள்ளது. 1980இல் இங்கே நக்சல்பாரி இளைஞர்களைக் காவல்துறை வேட்டையாடி ஒடுக்கியது. உழவர்தம் துயரும் மெய். இளைஞர்தம் ஈகமும் மெய். ஆயினும் சிறுகுழு நிலைக்கவில்லை.

பெரும்படையாயின் வெல்லுமோ எனின், ஈழத்தை நோக்குக! விடுதலைப் புலிகள் கடற்படை கண்டனர். 2000இல் ஆனையிறவை வென்றனர். 2007இல் வானூர்தியும் செலுத்தினர். ஆனால் இந்தியா 1992இலும், அமெரிக்கா 1997இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் தடை விதித்தன. ஈழத்தை ஏற்க ஓர் அரசும் முன்வரவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் மறவரும் மக்களும் ஒருங்கே மாண்டனர்.

1971இல் வங்கநாடு வென்றதே என்பர். ஆங்கு இந்தியப் படையே களம் புகுந்தது. ஈழத்திற்கு அத்தகு துணை யாது?

1965இல் தமிழக மாணவர் இந்தித் திணிப்பை எதிர்த்தெழுந்தனர். அவர்க்குப் படையில்லை, மக்கள் உளர். துமுக்கிச் சூட்டில் வீழ்ந்தோர் பலர். எனினும் 1967இல் பேராயக் கட்சி ஆட்சியிழந்தது. 1968இல் இருமொழிக் கொள்கை பிறந்தது. அது நாடு கேட்ட போரன்று, மொழி காத்த போரே. ஆயினும் அவ்வெற்றி இன்றும் நிற்கிறது.

தமிழர்காள்! படைக்கலம் அரசை அச்சுறுத்தும். ஒன்றுபட்ட மக்களும் உலகின் ஒப்புதலுமே அதனைப் பணியவைக்கும். அவ்விரண்டையும் ஈட்டாது இளைஞரைக் களத்திற்கு ஏவுதல் மறமன்று; மடமை!