விசா புகைப்படமும் ஹிஜாபும்



"முக்காட்டை எடுங்கள், காது தெரிய வேண்டும்" என்று ஸ்டூடியோவில் சொன்னவுடன் நம் பெண்களுள் சிலர் மனம் நொந்து பணிந்துவிடுகின்றனர். அமெரிக்க விசாவுக்கான விதி அவ்வாறு கோரவில்லை.

படம் 2 அங்குலச் சதுரமாக, வெண்ணிறப் பின்னணியில், கடந்த 6 மாதங்களுக்குள் எடுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடிக்கு அனுமதியில்லை. மார்க்கக் கடமையாக அன்றாடம் அணியும் தலைமறைப்புக்கோ அனுமதி உண்டு. முகம் முழுமையாகத் தெரிய வேண்டும். துணியின் நிழல் அதில் விழலாகாது. ஆகவே நிகாப் அணிவோர் முகத்திரையை மட்டும் விலக்கினால் போதும். பெண் புகைப்படக் கலைஞர் கிடைப்பின் மிக நன்று. வெள்ளைத் துணி பின்னணியோடு கலந்துவிடுமாதலால் அடர்நிற ஹிஜாபே ஏற்றது.

முகத்தைக் கணினியில் வெளுப்பாக்குவதையும் அவ்விதி தடுக்கிறது. உள்ளதை உள்ளபடி காட்டுவது நம் மார்க்கமும் கற்பிக்கும் வாய்மையன்றோ!

இங்கே ஹிஜாபைக் களையச் செய்வது சட்டமன்று, நமது அறியாமையே. தந்தையரும் கணவன்மாரும் விதியை முன்னரே வாசித்து, கைப்பேசியில் உடன் கொண்டு செல்லட்டும். நம் பெண்களின் கண்ணியம் நம்மிடமுள்ள அமானிதம்.