எலிசபெத்தின் வீடு

சிட்னிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களில் பலர், ஒருவேளைச் சாப்பாட்டுக்காவது இந்திய உணவகங்கள் நிறைந்த ஹாரிஸ் பார்க் பக்கம் போய்விடுவார்கள். அடுத்த முறை, சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடங்களேன். ‘எலிசபெத் ஃபார்ம்’ என்ற பழைய பண்ணைவீடு பக்கத்தில்தான் இருக்கிறது. 1793-இல் கட்டியது. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டி, இன்றும் நிற்கும் வீடுகளில் இதுவே மிகப் பழையது.

முதலில் அது மாளிகையெல்லாம் இல்லை. 68 அடி நீளம், 18 அடி அகலத்தில் ஒரு செங்கல் வீடு. மாடி கிடையாது. நான்கு அறைகள், ஒரு கூடம், ஒட்டினாற்போல் சமையலறை. அன்றைய சிட்னியில் சுண்ணாம்புக்கல் கிடைக்காததால், சிப்பி ஓடுகளைச் சுட்டுத்தான் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். உழைப்புக் கைதிகளுடையது. நிலம் புரமட்டகல் பழங்குடியினருடையது. அந்த 100 ஏக்கரைத் தானமாகக் கொடுத்தது மட்டும் ஆங்கிலேய அரசு!

வீட்டுக்கு அழகு வந்தது வராந்தாவால். கூரையைத் தாழ இழுத்துவிட்டு, சுவரில் வெயில் படாமல் செய்திருக்கிறார்கள். நம் தோட்டத்துத் துரை பங்களாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ‘வராந்தா’ என்ற சொல்லே இந்தியாவிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது.

வீட்டைக் கட்டிய ஜான் மெக்கார்தர் ராணுவ அதிகாரி, சண்டைக்காரர். 1801 முதல் 1805 வரை, பிறகு 1809 முதல் 1817 வரை அவர் இங்கிலாந்தில் இருந்தார். இரண்டாவது முறை, ஆளுநரைக் கவிழ்த்த கலகத்தில் சிக்கியதால் ஊர் திரும்ப முடியாத நிலை. அத்தனை ஆண்டுகளும் பண்ணை, மந்தை, கம்பளி, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் மனைவி எலிசபெத். ஆனால், 1966-இல் வந்த இரண்டு டாலர் நோட்டில் மெரினோ ஆட்டோடு இருந்தது ஜானின் முகம். ஆட்டுக்குக் கிடைத்த இடம்கூட அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அந்த வீடு அருங்காட்சியகம். கயிறு கட்டித் தடுக்கமாட்டார்கள். மேசை நாற்காலிகள் பழையவற்றின் நகல்கள் என்பதால் தாராளமாக உட்காரலாம். பிள்ளைகளை “தொடாதே, தொடாதே” என்று அதட்டவும் வேண்டாம். எல்லா நாளும் திறந்திருக்காது. நாள் பார்த்துப் போங்கள்.