மனைவியின் ஆய்வுக்கு எந்த மடிக்கணினி?

தென்காசியிலிருந்து நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் நீண்ட பயணம். அங்கே ஆய்வு மாணவியான மனைவிக்கு மடிக்கணினி வாங்கும் கணவர் முதலில் எடையைப் பார்க்கட்டும். பேருந்தில் மடிக்கணினியைச் சுமக்கப்போவது மனைவிதான். ஒன்றரைக் கிலோவுக்குள் இருப்பது நல்லது.

கேமிங்குக்கான தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அது விலையையும் சூட்டையும் ஏற்றும், பேட்டரியைத் தின்னும். அந்தப் பணத்தை 16 ஜிபி ராமில் போடலாம். பத்துப் பதினைந்து பிடிஎஃப், அதற்கு மேல் பிரவுசர் பக்கங்கள், வேர்டில் ஆய்வேடு எல்லாம் ஒன்றாகத் திறந்திருந்தால் 8 ஜிபி திணறும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை மதர்போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம்.

கீபோர்டை மனைவியே தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். தினமும் தட்டச்சு செய்யும் விரல்கள் அவருடையவை.

ஜூன் பிறந்தால் குற்றாலச் சாரல் தென்காசி வரை விழும். தண்ணீர் புகாத பை ஒன்றும் அதே பில்லில் சேரட்டும்.